எறும்பும் கழுகும் கற்பிக்கும் பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி

விலங்குகளைப் பார்த்து மனிதன் திருந்த வேண்டும் என்று சொல்லாத சமயமும் இல்லை. சொல்லாத பாட்டியும் இல்லை. காக்கையைப் பார், கூடி உண்கிறது. நாயைப் பார், நன்றி மறப்பதில்லை. எறும்பைப் பார், ஓய்ந்திருப்பதில்லை என்று கேட்டுக் கேட்டே நாம் அனைவரும் வளர்ந்திருக்கிறோம். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆகவே என் காதில் விழுந்தவை பெரும்பாலும் வேதாகமத்து விலங்குகளின் கதைகள். ஞாயிறு பள்ளியில் எறும்பும், சிட்டுக்குருவியும், புறாவும், பாம்பும், ஆட்டுக்குட்டியும், கழுகுமாக ஒரு மிருகக்காட்சி சாலையே என் மனத்தில் குடியேறியிருந்தது.

இக்கல்லூரியில் விலங்கியல் மாணவியாகச் சேர்ந்த பின்னர் அதே விலங்குகளை வேறொரு வாசல் வழியாகச் சந்திக்க நேர்ந்தது. ஆலயத்தில் கேட்டதும் வகுப்பறையில் கற்றதும் சில இடங்களில் அழகாக ஒத்துப்போயின. சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடத்தில் ஒரு மாணவி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இக்கட்டுரை. இது அரசுக் கல்லூரியின் ஆண்டு மலர். மதம் பரப்பும் மேடை அன்று. ஆனால் அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது போன்ற கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு. பிற சமயத்து நண்பர்களும் தங்கள் வீட்டுக் கதைகளை இதனருகே வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தாலேயே எழுதத் துணிந்தேன்.

நான் சொன்ன கழுகுக் கதை

எங்கள் ஊர் பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு வாலிபர் ஞாயிறன்று, "காலேஜ் படிக்கிற பிள்ளை, நீயே செய்தி கொடு" என்று ஆலயத்தில் சொல்லிவிட்டார்கள். என்ன பேசுவது என்று திகைத்த எனக்குக் கைப்பேசியில் வந்திருந்த ஒரு கதை கை கொடுத்தது. உங்களில் பலருக்கும் அது வந்திருக்கும்.

கழுகுக்கு 40 வயதாகும்போது அதன் அலகு வளைந்துவிடுமாம், நகங்கள் மழுங்கிவிடுமாம், இறகுகள் கனத்துவிடுமாம். அப்போது அது ஒரு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் அதைக் கொண்டு நகங்களைப் பிடுங்குமாம். புது நகம் முளைத்ததும் பழைய இறகுகளைப் பிடுங்குமாம். 150 நாள் இந்தத் தவம் முடிந்ததும், புதுப்பறவையாக எழுந்து இன்னும் 30 ஆண்டு வாழுமாம்! கழுகைப் போல் இளமை புதிதாகும் என்ற கருத்து சங்கீதம் 103-இல் வருகிறது. அதையும் சேர்த்து ஏழு நிமிடம் பேசினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் என் தலையில் கை வைத்து வாழ்த்தினார்கள்.

என் அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வயது 46. மூட்டை ஏற்றும்போது பிசகிய வலது தோள் அவரை இரண்டு ஆண்டுகளாக வாட்டுகிறது. அன்றிரவு சாப்பிடும்போது, "நாப்பதுக்கு மேல இன்னும் முப்பது வருசம் இருக்குதுன்னு சொன்னியே அம்மிணி, அது எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார். மறுநாள் மண்டியில் தம்மோடு சுமை தூக்குகிறவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அரசு மருத்துவமனைக்குப் போய்த் தோளைக் காட்டலாம் என்று அம்மா பலமுறை அழைத்தும் அவர் போகவில்லை. "கழுகுக்கு நூத்தம்பது நாளு. நானும் பொறுத்துக்கறேன். தானா சரியாயிரும்" என்பார். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அலகு சொன்ன உண்மை

இந்த ஆண்டு பறவைகளைப் பற்றிய பாடம் நடந்தது. பறவையின் அலகு என்பது தாடை எலும்பின் மேல் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன உறை; நம் விரல் நகத்தைப் போல அது வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும் என்று பேராசிரியர் அவர்கள் விளக்கினார்கள். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பு முடிந்ததும் கழுகுக் கதையைச் சொல்லி, உண்மையா என்று கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அலகையும் நகத்தையும் இழந்த பறவை ஐந்து மாதம் எதைத் தின்று உயிர் வாழும்? நீயே யோசித்துப் பார்" என்றார்கள்.

யோசிக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. இரையைப் பிடிக்க நகமும், கிழிக்க அலகும், பறக்க இறகும் இல்லாத கழுகு மலையுச்சியில் தவம் செய்யாது, செத்துப்போகும். மேலும் காட்டில் 30 ஆண்டுகளைக் கடந்து வாழும் கழுகே அரிது. 40 வயதில் எங்கே புதுப்பிறவி எடுப்பது? நான் ஆலயத்தில் நின்று சொன்னது முழுப்பொய். தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே!

இதைச் சொல்வதா, விடுவதா? நல்ல கருத்துக்காகச் சொன்ன கதையில் உண்மை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். அப்பாவுக்குக் கிடைத்த ஆறுதலைப் பிடுங்கலாமா என்று என் மனமே கேட்டது. விலங்கியல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சிய அம்மாவின் முகமும் கண் முன் வந்தது. இரண்டு வாரம் நான் வாய் திறக்கவில்லை.

போய்ப் பார் என்ற கட்டளை

அந்த நாட்களில்தான், விலங்குகளைப் பற்றி வேதாகமம் உண்மையில் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது. நாம் அதை உழைப்பைப் பற்றிய பாடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அங்கே முதலில் இருப்பது எறும்பிடம் போ, அதன் வழிகளைக் கவனி என்னும் கட்டளை. தலைவனோ, கண்காணியோ, அரசனோ இல்லாமலே அது கோடையில் உணவு சேர்க்கிறது என்பது அதற்குப் பிறகு வரும் செய்தி. அப்படியானால் அதை எழுதியவர் முதலில் எறும்பைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

அவர் சரியாகப் பார்த்தாரா? இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் வாழும் எறும்புகள் தானியம் சேர்ப்பதில்லை. ஆகவே அங்கிருந்த அறிஞர்கள் சிலர், எறும்பு தானியம் சேர்க்கும் என்பது பழங்காலத்தாரின் மயக்கம், எறும்பு தூக்கிச் செல்லும் கூட்டுப்புழுவைத் தானியமென்று எண்ணிவிட்டார்கள் என்று எழுதினார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுப் புனேயில் இருந்த கர்னல் சைக்ஸ் என்பவர், மழையில் நனைந்த புல் விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் உலர்த்துவதைக் கண்டு எழுதி வைத்தார். 1873-இல் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர், தென் பிரான்சில் எறும்புப் புற்றுகளைத் தோண்டி, உள்ளே விதைக் களஞ்சியங்களைக் கண்டு நூலாகவே வெளியிட்டார். அறிஞர்கள் மேசையில் உட்கார்ந்து மறுத்ததைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நிலைநாட்டினார்கள்!

தலைவன் இல்லை என்ற செய்தியும் அப்படித்தான். ராணி எறும்பு என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது யாருக்கும் கட்டளை இடுவதில்லை. முட்டையிடுவதே அதன் வேலை. அமெரிக்கப் பேராசிரியை டெபோரா கோர்டன் அறுவடை எறும்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். எறும்புகள் சந்திக்கும்போது உணர்கொம்பால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. இரையோடு திரும்பும் எறும்புகளை எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறது என்பதைக் கொண்டே, ஓர் எறும்பு வெளியே போவதா இருப்பதா என்பது முடிவாகிறது என்று அவர் காட்டினார். அந்த வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பெண்கள் என்பதை மாணவிகளின் சார்பில் இங்கே பதிவு செய்கிறேன்!

கண்காணி இல்லாமல் உழைப்பது என்பது மாணவர்களாகிய நமக்குச் சரியான இடத்தில் தைக்கிற பாடம் அன்றோ? தேர்வு அறையில் கண்காணிப்பாளர் திரும்பி நின்றால் நம் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நாமே அறிவோம்.

ஆனால் உற்றுப் பார்க்கப் பார்க்க எறும்பு நாம் நினைத்தபடியெல்லாம் பாடம் சொல்வதில்லை. அரிசோனாவில் ஒரு வகை எறும்பை ஆராய்ந்தவர்கள், கூட்டத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதைக் கண்டார்கள். உழைக்கும் எறும்புகளை அகற்றியபோது, சும்மா இருந்தவை எழுந்து வந்து அந்த இடத்தை நிரப்பின. இதை என் தம்பியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

எல்லா விலங்கும் ஆசான் அன்று

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விலங்குகளின் நடத்தை எல்லாமே நமக்குப் பாடமா? குயில் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. காக்கை அதை அறியாமல் வளர்க்கிறது. இதில் யாரைப் பின்பற்றுவது? கர்நாடகத்தின் தார்வார் பகுதியில் 1960-களில் கருமுகக் குரங்குகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் சுகியாமா, கூட்டத்தைக் கைப்பற்றிய புது ஆண் குரங்கு பழைய ஆணின் குட்டிகளைக் கொல்வதைப் பதிவு செய்தார். அதுவும் இயற்கைதான். அதை எந்த ஆலயத்தில் பிரசங்கிப்பது?

ஆகவே விலங்கு தானாக நமக்கு அறம் சொல்வதில்லை. எந்த விலங்கை, எந்தச் செயலை, எதற்காக எடுத்துக் காட்டுகிறோம் என்பதில்தான் எடுத்துக் காட்டுபவரின் மனம் தெரிகிறது. இயேசுபிரானின் தேர்வைப் பாருங்கள். தம் மக்களைச் சேர்த்து அணைக்க விரும்பிய தமது ஏக்கத்தைச் சொல்ல அவர் சிங்கத்தைத் தேடவில்லை, கழுகைத் தேடவில்லை. குஞ்சுகளைச் சிறகின் கீழ்க் கூட்டும் பெட்டைக் கோழியைச் சொன்னார். கடவுளின் கவனிப்பைச் சொல்லக் காசுக்கு இரண்டு விற்ற சிட்டுக்குருவியைச் சொன்னார். சந்தையில் அதைவிட மலிவான பறவை ஏது? கோழியும் குருவியும் எங்கள் தெருவில் எல்லாரும் அறிந்தவை. பருந்தின் நிழல் விழுந்ததும் எங்கள் வீட்டுக் கோழி குரல் மாற்றி அழைப்பதையும், குஞ்சுகள் ஓடி வந்து ஒளிவதையும் நானே பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய உவமைகளையே அவர் சொன்னார். நானோ யாரும் சரிபார்க்க முடியாத மலையுச்சிக் கதையைச் சொல்லியிருந்தேன்.

இறகு இறகாக

அப்படியானால் கழுகைப் போல் இளமை புதிதாகும் என்று சங்கீதத்தில் வருவது பொய்யா? பொய் அன்று. கழுகு உண்மையிலேயே புதிதாகிறது. கைப்பேசிக் கதையில் வருவதுபோல் அன்று.

பறவையின் இறகு ஒருமுறை வளர்ந்துவிட்டால் உயிரற்ற பொருள்தான். வெயிலிலும் மழையிலும் காற்றிலும் அது நைந்து போகும். ஆகவே பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கிறது. கழுகு போன்ற பெரிய பறவைகள் எல்லா இறகையும் ஒரே நேரத்தில் உதிர்த்தால் பறக்க முடியாமல் பட்டினி கிடக்க வேண்டும். அதனால் அவை சில இறகுகளை உதிர்த்து, அவை வளர்ந்த பின் வேறு சிலவற்றை உதிர்க்கின்றன. சிறகு முழுவதும் புதிதாக இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் பறத்தல் நிற்பதில்லை. இரை தேடுதல் நிற்பதில்லை. குஞ்சுக்கு ஊட்டுதலும் நிற்பதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவே வந்தது. அந்தப் பொய்க் கதை, 150 நாள் வேலைக்குப் போகாமல் மலையில் உட்கார முடிந்தவர்களின் கதை. அன்றாடம் கூலிக்குப் போகிறவர்களுக்கு அப்படி ஐந்து மாதம் யார் கொடுப்பார்கள்? உண்மைக் கழுகின் கதையோ வேலைக்குப் போய்க்கொண்டே புதிதாகிறவர்களின் கதை. பொய்யைவிட உண்மை எங்களுக்கு நெருக்கமாக இருந்தது.

அன்றிரவே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அலகை உடைக்கும் கதை பொய் என்றேன். ஆலயத்தில் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். இறகு உதிர்வதையும் வரைந்து காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஒரே மூச்சுல ஆகாதுங்கறே" என்றார். "ஆகாதுங்கப்பா" என்றேன். "அதுதான் நெசமாட்டத் தெரியுது. லாரியில மூட்டையும் ஒவ்வொண்ணாத்தானே எறக்கறோம்" என்றார். மறு வாரம் அரசு மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர் தோளுக்கு ஐந்து பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்து, கனமான சுமையைச் சில மாதம் தவிர்க்கச் சொன்னார். சுமையை முழுதும் தவிர்க்க முடியவில்லை. பயிற்சியை மட்டும் விடாமல் செய்கிறார். கை இப்போது தோளுக்கு மேல் சற்று எழும்புகிறது.

தாத்தாவும் பாறும்

கதை இத்துடன் முடியவில்லை. வேதாகமத்தின் எபிரெய மூலத்தில் இந்தப் பறவைக்கு நெஷர் என்று பெயர். அது பெரும்பாலும் குறிப்பது இரையை வேட்டையாடும் கழுகை அன்று. தலையில் இறகில்லாத பிணந்தின்னிக் கழுகை என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மீகா முதல் அதிகாரத்தில் அதன் மொட்டைத்தலை உவமையாக வருவதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். தமிழில் அதைப் பாறு என்றும் சொல்வோம். லேவியராகமத்தின் பதினோராம் அதிகாரத்தில், உண்ணத்தகாத அருவருப்பான பறவைகளின் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் அடிமைப்பட்ட மக்களைத் தாம் சுமந்து வந்ததைச் சொல்லக் கடவுள் யாத்திராகமம் பத்தொன்பதில் எடுத்துக்கொண்டதும் அதே பறவையின் சிறகைத்தான்! அருவருப்பென்று ஒதுக்கிய பறவையின் பெயரால் கடவுள் தம்மைச் சொல்லிக்கொள்கிறார் என்பதை நான் அதுவரை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஊரில் மாடு செத்தால் என் தாத்தாவைத்தான் கூப்பிடுவார்களாம். அவர்தான் ஊருக்கு வெளியே இழுத்துப் போய்த் தோலை உரிப்பாராம். "தாத்தா உரிச்சுட்டு நகர்ந்தா வானத்துல புள்ளி புள்ளியாத் தெரியும். பொறவு ஒவ்வொண்ணா எறங்கும். கொஞ்ச நேரத்துல எலும்புதான் மிஞ்சும். ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டுச் சுத்திப் போகும். அந்தப் பக்கம் போறது ரெண்டே பேருதான். ஒண்ணு பாறு, இன்னொண்ணு உங்க தாத்தா." இப்போது அந்தப் பறவை ஏன் வருவதில்லை என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் படித்திருந்தேன்; சொன்னேன். 1990-களில் இந்தியாவில் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2007-க்குள் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் என்பவரின் குழுவினர் பாகிஸ்தானில் செய்த ஆய்வில் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்துதான் அது. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் கெட்டு, பறவையும் சாகிறது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை. இழந்ததை ஈடு செய்ய மிக நீண்ட காலம் ஆகும்.

பாறு போனதால் கிடந்த பிணங்கள் அழுகின. தெரு நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் பாறுகளின் மறைவால் இந்தியாவில் ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று கணக்கிட்டது. பாறின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகள் பலவற்றை அது அழித்துவிடும். அருவருப்பென்று நாம் முகம் சுளித்த பறவை நம்மை நோயிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. போன பிறகே தெரிந்தது.

அப்பா தம் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த பெயர் டைக்ளோஃபினாக். மனிதருக்கு மருத்துவர் அளவோடு தரும் மருந்துதான். ஆனால் கேட்பாரின்றி இரண்டு ஆண்டு விழுங்குவதற்கு உரியது அன்று. மாட்டின் வலி தீர வேண்டும் என்ற இரக்கம் நல்லதுதான். அது எங்கே போய் முடியும் என்று யாரும் பார்க்கவில்லை. நான் சொன்ன கழுகுக் கதையும் ஒரு வலி மாத்திரையாகத்தான் இருந்தது. வலியை மறைத்தது, தோளை ஆற்றவில்லை.

ஆலயத்தில் மீண்டும்

சில வாரங்களுக்குப் பின் போதகர் அவர்களின் அனுமதியோடு ஆலயத்தில் எழுந்து நின்று, சென்ற ஆண்டு நான் சொன்ன கழுகுக் கதை உண்மையன்று என்று அறிவித்தேன். கால் நடுங்கியது. "இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளையை ரொம்பப் படிக்க வெக்கக் கூடாதுங்கறது" என்று ஒரு பெரியவர் காதில் விழும்படியே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அம்மா பின்வரிசையில் எழுந்து நின்றார்கள். ஒன்றும் பேசவில்லை, நான் முடிக்கும் வரை உட்காரவும் இல்லை. எந்தப் படிப்பு என் விசுவாசத்தைக் கெடுக்கும் என்று அஞ்சினார்களோ, அந்தப் படிப்போடு நின்ற என்னோடு அவர்களும் நின்றார்கள். அன்று நான் கழுகின் இறகைப் பற்றியும், பாறைப் பற்றியும், தாத்தாவைப் பற்றியும் பேசினேன். தாத்தாவின் தொழிலை எங்கள் குடும்பம் முதன்முறையாக நாலு பேர் முன் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சீடர்களின் காலைக் கழுவியவரின் ஆலயத்தில் அதைச் சொல்ல வெட்கம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

அதன் பின் எங்கள் துறையிலிருந்து முதுமலைக்குக் களப்பயணம் சென்றோம். தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழும் முக்கிய இடம் அங்குள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. பகல் ஏறியதும் ஏழு பறவைகள் வெப்பக் காற்றில் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்வதைக் கண்டோம். தொலைநோக்கியில் பார்த்தேன். ஒன்றின் சிறகில் ஓர் இடைவெளி தெரிந்தது. இறகு உதிர்ந்த இடம் அது. அந்த இடைவெளியோடேயே அது மற்றவற்றோடு சேர்ந்து உயர்ந்துகொண்டிருந்தது.

மாணவ நண்பர்களே! விலங்குகளிடமிருந்து பாடம் கற்பது நல்ல பழக்கம்; அதை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் பாடம் சொல்லும் முன் அந்த விலங்கைப் பார்க்க வேண்டும். பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். தவறாகச் சொல்லியிருந்தால் சொன்ன இடத்திலேயே நின்று திருத்த வேண்டும். படைப்பைப் படைத்தவரின் கைவேலை என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கடமை இரட்டிப்பு. அவர் செய்யாத கழுகை நாமாகச் செய்து, அவர் பெயரால் விற்பது பக்தி ஆகாது. நம்பாதவர்களுக்கும் உண்மை என்ற ஒன்று உண்டல்லவா? உங்களுக்கும் அடுத்த கழுகுக் கதை கைப்பேசியில் வரும். அதை நாலு பேருக்கு அனுப்பும் முன், நம் துறையின் கதவு திறந்திருக்கிறது, வந்து கேளுங்கள். களத்து மேட்டில் எறும்பும் இருக்கிறது, குனிந்து பாருங்கள்.